புதுக் கித்தார், கோணல் கழுத்து: திருப்பிக் கொடுப்பதா, வைத்துக்கொள்வதா?

இந்தக் கித்தாரின் கழுத்து லேசாக முறுக்கியிருக்கிறது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாங்கியவள் என் அக்கா மகள், படிவம் நான்கு படிப்பவள். விலை எழுநூறு வெள்ளிக்குக் கொஞ்சம் குறைவு. கம்பெனிப் பெயரும் கடைப் பெயரும் இந்தக் கட்டுரையில் வராது. இந்த விலைக்கு விற்கிற எந்தப் பெயரிலும் எப்போதாவது ஒன்று இப்படி வந்து சேரும். நமக்குத் தெரிய வேண்டியது, வந்து சேர்ந்தால் என்ன செய்வது என்பதுதான்.

பெட்டியில் உள்ள விவரம் வழக்கமானது. டிரெட்நாட் உடல், ஸ்ப்ரூஸ் மேற்பலகை, 20 ஃப்ரெட், உடலோடு கழுத்து சேரும் இடம் 14ஆம் ஃப்ரெட். தலைப்பக்க நட்டிலிருந்து பிரிட்ஜில் உள்ள சேடல் வரை கம்பியின் நீளம் 648 மில்லிமீட்டர், நட்டின் அகலம் 43. பாலிஷ் நன்றாக இருக்கிறது. ஃப்ரெட் ஓரங்கள் கையைக் கீறவில்லை. சுருதிக் குமிழ்கள் கொஞ்சம் தளர்ச்சி, ஆனால் ஒரு தடவை கூட்டினால் மத்தியானம் வரை நிற்கிறது.

சோதித்துப் பார்த்த இடம் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் ஒரு பழைய கடைவீட்டின் மாடி. கீழே பணம் மாற்றும் கடை, எதிர்வரிசையில் நகைக்கடைகள். பெரியவர்கள் இன்னும் பிட் தெரு என்றே சொல்லும் சாலை இது. ஒலிப்பதிவுக்கு இதைவிட மோசமான இடம் ஜார்ஜ்டவுனில் கிடையாது: மோட்டார் சைக்கிள், சுற்றுலா டிரைஷாவின் பாட்டு, பள்ளிவாசலிலிருந்து பாங்கு வந்தால் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு உட்கார வேண்டும். ஆனால் ஒரு கித்தாரின் கழுத்தைச் சோதிக்க இதைவிடப் பொருத்தமான இடமும் கிடையாது. குளிரூட்டிய கடையில் எல்லாக் கித்தாரும் நல்ல பிள்ளைதான். மின்விசிறி மட்டும் சுற்றும் பினாங்கு மாடியில்தான் அதன் குணம் தெரியும்.

ஒலியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். பாஸ் கொஞ்சம் பெட்டிக்குள் அடைபட்டது மாதிரி இருக்கிறது. நடுக் கம்பிகள் தெளிவு. நம் ஊரில் புதுக் கித்தாரைக் கையில் எடுத்தால் 1982இல் வந்த 'இளைய நிலா'வின் முன்னிசையைத் தொடாமல் யாரும் கீழே வைப்பதில்லை. அவளும் அதைத்தான் தொட்டாள். தொட்டவள் நிறுத்திவிட்டு, "மாமா, மெல்லிசுக் கம்பி மட்டும் ஜிர்ருங்குது" என்றாள். 9ஆம் ஃப்ரெட்டுக்கு மேலே மெல்லிய ஈ கம்பி ஒவ்வொரு சுரத்திலும் இரைந்தது. தலைப்பக்கத்திலிருந்து ஒற்றைக் கண்ணை மூடிக் கழுத்தை நோக்கினால் கோணல் பளிச்சென்று தெரிந்தது. நட்டின் கோடும் 14ஆம் ஃப்ரெட்டின் கோடும் இணையாக இல்லை. கடைக்குக் கூப்பிட்டுச் சொன்னோம். "எல்லாக் கழுத்தும் கொஞ்சம் அப்படித்தாங்க இருக்கும்" என்றார்கள். அந்தப் பதிலில் பாதி உண்மை இருக்கிறது. எந்தப் பாதி என்று அவர்களுக்கும் தெரியாது.

கழுத்தில் இரண்டு விதக் கோளாறு வரும், இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஒன்று வளைவு. கம்பியின் இழுப்பில் கழுத்து வில் போல முன்னால் வரும், அல்லது பின்னால் போகும். இன்னொன்று முறுக்கு. நட்டுப் பக்கம் ஒரு தளத்திலும் உடல் பக்கம் இன்னொரு தளத்திலும் நிற்கும், துணி பிழியும்போது இரு கையும் எதிரெதிராகத் திரும்புவது போல. வளைவுக்குக் கழுத்துக்குள்ளேயே மருந்து வைத்திருக்கிறார்கள், டிரஸ் ராட் என்ற இரும்புக் கம்பி. கிப்சன் கம்பெனியில் வேலை பார்த்த தாடியஸ் மெக்ஹியூவுக்கு 1923இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. மார்ட்டின் கம்பெனி 1985 வரை திருகிச் சரிசெய்யும் ராட் போடாமல், உள்ளே உறுதியான இரும்பை வைத்தே கித்தார் செய்துவந்தது. முறுக்குக்கு இந்த ராட் உதவாது. கழுத்தின் நடுவே ஒற்றையாக ஓடுகிற கம்பி, அதை இறுக்கினால் இரண்டு ஓரமும் சேர்ந்தே நகரும். பல ரிக்கன்பேக்கர் கித்தார்களில் இரண்டு ராட் உண்டு, அவற்றை வெவ்வேறாக இறுக்கி ஓரளவு சமாளிக்கலாம். நாம் வாங்கும் அக்கூஸ்டிக் கித்தாரில் அந்த வசதி இல்லை. ஆகவே முறுக்கைக் கண்டதும் ஆலன் சாவியை எடுத்து ராட்டைத் திருகுவது வீண். திருகத் திருக, முறுக்கு போகாது, கூடவே வளைவும் வரும்.

கண்ணால் பார்த்ததை நம்பிவிட முடியாது. கழுத்து தலையை நோக்கி ஒடுங்குகிறது, ஃப்ரெட்போர்டின் முகம் தட்டையாக இல்லாமல் மெல்லக் கூனியிருக்கிறது, ஆறு கம்பியும் ஆறு தடிமன். இத்தனையும் சேர்ந்து கண்ணை ஏமாற்றும். தச்சர்கள் பலகையின் முறுக்கைப் பிடிக்க ஒரு பழைய வழி வைத்திருக்கிறார்கள்: இரண்டு முனையிலும் குறுக்கே ஒவ்வொரு நேர்கோலை வைத்து, ஒன்றின் மேல் ஒன்றைப் பொருத்திப் பார்ப்பது. கம்பிகளைத் தளர்த்தி ஓரம் தள்ளிவிட்டு, 30 சென்டிமீட்டர் இரும்பு அடிக்கோல் ஒன்றை 1ஆம் ஃப்ரெட்டிலும் இன்னொன்றை 14ஆம் ஃப்ரெட்டிலும் நிறுத்தினேன். கூனின் மேல் கோல் ஆடும். இரண்டு ஓரத்திலும் இடைவெளி சமமாக வரும்வரை பொறுமை வேண்டும். 43 மில்லிமீட்டர் அகலத்தில் இருக்கும் கோணலை 300 மில்லிமீட்டர் கோல் ஏழு மடங்கு பெரிதாக்கிக் காட்டும் என்பதுதான் இதில் உள்ள சூட்சுமம். கோல்களின் முனையில் வித்தியாசம் இரண்டு மில்லிமீட்டர் அளவு. ஏழால் வகுத்தால், நட்டில் உண்மையான முறுக்கு 0.3 மில்லிமீட்டர். தடித்த கம்பியின் பக்கம் மேலே தூக்கியிருக்கிறது. கம்பிகளைச் சுருதி கூட்டிவிட்டுக் கண்ணால் பார்த்தபோதும் கோணல் கூடவும் இல்லை குறையவும் இல்லை. கம்பியின் இழுப்பில் வந்ததல்ல, மரத்திலேயே இருப்பது.

இந்த 0.3 கம்பிக்கு என்ன செய்கிறது? இதைத்தான் யாரும் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை. கழுத்து நெடுகச் சீராக முறுக்கியிருந்தால், அதன் எந்த நெடுக்குக் கோட்டை எடுத்தாலும் அது நேர்கோடுதான். தட்டையான பலகையை முறுக்கினாலும் நெடுக்கே ஓடும் கோடுகள் வளைவதில்லை. கம்பியும் நேர்கோடு. ஆக, ஒவ்வொரு கம்பியும் தனக்குக் கீழே உள்ள மரத்தோடு ஒத்தே போகிறது. இடறுவது சேடலில் மட்டும். உடல் முறுக்கவில்லை, சேடல் மட்டமாக நிற்கிறது. அந்தச் சிறிய முரண், 12ஆம் ஃப்ரெட்டில் தடித்த கம்பியைக் கொஞ்சம் உயர்த்தும், மெல்லிய கம்பியைக் கொஞ்சம் தாழ்த்தும். இந்தக் கித்தாரின் அளவுகளை வைத்துப் போட்டால் பக்கத்துக்கு 0.06 மில்லிமீட்டர். ஒரு தலைமுடியின் கனம்கூட வராது.

திசையும் முக்கியம். தடித்த கம்பி அகலமாக அதிரும், அதற்கு உயரம் வேண்டும். தடித்த பக்கம் தூக்கியிருக்கும் முறுக்கு ஒருவகையில் உதவிதான். எதிர்த்திசையில் முறுக்கியிருந்தால் தடித்த கம்பி ஃப்ரெட்டில் அடிக்கும், மெல்லிய கம்பி விரலுக்கு வலிக்கும். அமெரிக்காவில் ஜெரோம் லிட்டில் என்பவர், வாசிப்பவரின் மணிக்கட்டுக்குச் சுகமாக இருக்கட்டும் என்று, வேண்டுமென்றே கழுத்தை முறுக்கி டோர்சல் என்ற பெயரில் பாஸ் கித்தார்கள் செய்கிறார். அவற்றின் முறுக்கோடு ஒப்பிட்டால் நம்முடையது ஒன்றுமே இல்லை. பயப்பட வேண்டியது முறுக்குக்கு அல்ல, அது ஒரே இடத்தில் குவிந்திருந்தால் அதற்குத்தான். முதல் ஐந்து ஃப்ரெட் நேராக இருந்து, ஐந்திலிருந்து எட்டுக்குள் மட்டும் திரும்பியிருந்தால் அங்கே ஒரு மேடு, ஒரு பள்ளம். அந்தக் கழுத்தை நான் ஒரு நாளும் வைத்துக்கொள்ள மாட்டேன்.

குவிந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு ஃபீலர் கேஜ் போதும். மோட்டார் பட்டறையில் வால்வு இடைவெளி பார்க்க வைத்திருப்பார்கள், கேட்டால் கொடுப்பார்கள். 1ஆம் ஃப்ரெட்டில் கேப்போ போட்டு, 14ஆம் ஃப்ரெட்டில் கம்பியை அமுக்கிக்கொண்டு, 7ஆம் ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவே தகட்டை நுழைக்க வேண்டும். 0.1இலிருந்து 0.25 வரை இருந்தால் சரி. நம் கித்தாரில் தடித்த கம்பியில் 0.22, மெல்லிய கம்பியில் 0.18. இரண்டும் ஏறத்தாழ ஒன்று. முறுக்கு சீராகத்தான் பரவியிருக்கிறது.

அப்படியானால் ஜிர் என்ற சத்தம் எங்கிருந்து? 12ஆம் ஃப்ரெட்டில் கம்பியின் உயரத்தை அளந்ததும் திருடன் அகப்பட்டான். தடித்த கம்பி 2.8, மெல்லிய கம்பி 1.6. சாதாரணமாக முன்னது 2.5, பின்னது 2.0 அளவில் இருக்க வேண்டும். இரண்டுக்கும் அரை மில்லிமீட்டர் வித்தியாசம் இயல்பு. இங்கே 1.2. மிகுதியாக உள்ள 0.7இல் முறுக்கின் பங்கு இரண்டு பக்கமும் சேர்த்து 0.12தான். மீதி எல்லாம் சேடல். பழுது பார்க்கும் அண்ணன் ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் கழுத்தைப் பார்க்கவே இல்லை. பிரிட்ஜை மூக்குக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு, "கழுத்துல ஒண்ணும் இல்ல தம்பி. இந்தச் சேடலப் பாரு, எவனோ தூக்கத்துல அறுத்திருக்கான்" என்றார்.

சேடலில் ஒரு மில்லிமீட்டர் இறக்கினால் 12ஆம் ஃப்ரெட்டில் அரை மில்லிமீட்டர்தான் இறங்கும், பாதிக் கணக்கு. ஆகவே தடித்த பக்கம் 0.6 குறைய வேண்டும், மெல்லிய பக்கம் 0.8 கூட வேண்டும். தேய்த்துக் குறைக்கலாம், தேய்த்துக் கூட்ட முடியாது. எனவே வேறு சேடல். இன்னொரு காரணமும் உண்டு: கூடவே வந்த சேடலைத் தொட்டால், நாளைக்கு மாற்றித் தரச் சொல்லும்போது கடைக்காரருக்கு ஒரு சாக்குக் கிடைத்துவிடும். எலும்பில் செய்த வெறும் சேடல் தனியாகக் கிடைக்கிறது. அதை வாங்கி, அடிப்பக்கத்தைக் கண்ணாடித் துண்டின்மேல் ஒட்டிய உப்புத்தாளில் மட்டமாகத் தேய்க்க வேண்டும். கையில் பிடித்துக்கொண்டு தேய்த்தால் அடி உருண்டுவிடும், ஒலி செத்துவிடும். மேல் விளிம்பைப் பழைய சேடலின் வடிவத்தில் பென்சிலால் வரைந்துகொண்டால் போதும். போட்டுச் சுருதி கூட்டியதும் 2.5, 2.0. ஜிர் போய்விட்டது. கழுத்து இன்னும் கோணல்தான், பார்த்தால் தெரியும். கேட்டால் தெரியாது.

கம்பியைக் குறுக்கே இழுத்து வாசிப்பவர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. கித்தாரில் கர்நாடக இசை வாசிக்கும் பிரசன்னா போன்றவர்கள் கம்பியை இழுத்தும் வழுக்கியும் கமகம் எடுக்கிறார்கள். இழுக்கும்போது கம்பி தன் நெடுக்குக் கோட்டை விட்டு, கூனியிருக்கும் ஃப்ரெட்டின் குறுக்கே ஏறுகிறது. நேர்கோட்டுக் கணக்கு அங்கே செல்லாது. அந்தப் பாணி பழகப்போகிறவர்கள், வாங்கும்போதே 10ஆம் ஃப்ரெட்டுக்கு மேல் மெல்லிய கம்பிகளை முழு சுரம் உயரும்வரை இழுத்துப் பாருங்கள். பாதியில் ஒலி அறுந்தால் அந்தக் கித்தார் வேண்டாம்.

நம் வீணை இந்தத் தொல்லையை முன்பே யோசித்து வைத்திருக்கிறது. தஞ்சாவூரில் பலா மரத்தில் செய்கிறார்கள். 24 மெட்டுகளும் மரத்தில் அடித்தவை அல்ல, மெழுகும் கரியும் குழைத்துக் கட்டிய வரம்பின்மேல் உட்கார்ந்திருப்பவை. மரம் நகர்ந்தால், மெழுகு இளகினால், மேளம் கட்டத் தெரிந்தவரைக் கூப்பிட்டு ஒவ்வொரு மெட்டையும் காதால் கேட்டுத் திரும்ப நிறுத்தலாம். மரத்தின் கோணல் மெட்டுக்கு வர வேண்டும் என்று கட்டாயம் இல்லை. கித்தாரில் ஃப்ரெட்டை மரத்தில் வெட்டிய காடியில் அறைந்துவிடுகிறார்கள். மரம் போன வழியே ஃப்ரெட்டும் போகும். பிறகு சரிசெய்ய ஃப்ரெட்டை அரத்தால் ராவி மட்டமாக்க வேண்டும், அல்லது ஃப்ரெட்டுகளைப் பிடுங்கி, ஃப்ரெட்போர்டைச் சீவி, புது ஃப்ரெட் அடிக்க வேண்டும். கழுத்தைச் சூடாக்கி எதிர்த்திசையில் கிளாம்ப் போட்டு இறுக்கும் வைத்தியமும் இருக்கிறது. சில கழுத்துகள் அதற்குக் கட்டுப்படும், சில பழைய இடத்துக்கே திரும்பும். எழுநூறு வெள்ளிக் கித்தாருக்கு இந்த மூன்றில் எதுவும் கட்டுபடியாகாது. புதுக் கித்தாருக்கு நாம் செய்ய வேண்டிய வேலையும் அல்ல.

இன்னொரு கேள்வி மிச்சம் இருக்கிறது, இது அவசரப்பட முடியாதது. முறுக்கு இதோடு நிற்குமா, வளருமா? மரம் ஈரத்தைக் குடித்தால் நாருக்குக் குறுக்கே பெருக்கும், நார் ஓடும் நீளத்தில் அவ்வளவாக மாறாது. நார் கழுத்துக்கு நேராக ஓடினால் பெருக்கும் சுருக்கும் கோணல் தராது. சாய்ந்தோ சுருண்டோ ஓடினால், ஈரம் மாறும்போதெல்லாம் கழுத்து திரும்பும். கித்தார்த் தொழிற்சாலைகள் பெரும்பாலும் 45 முதல் 50 சதவீத ஈரப்பதத்தில் மரத்தைப் பதப்படுத்திச் செய்கின்றன. அந்தக் காற்றில் மரத்தின் உள்ளீரம் 9 சதவீத அளவில் நிற்கும். பினாங்கில் ஆண்டு முழுக்க 80 சதவீதத்தைச் சுற்றியே காற்றின் ஈரம். இங்கே திறந்துவைத்த மரம் மெல்ல மெல்ல 16 சதவீதத்தை நோக்கிப் போகும். கழுத்தின் முதுகில் பாலிஷ், ஃப்ரெட்போர்டு முகத்தில் பெரும்பாலும் பாலிஷ் இல்லை, ஒரு பக்கம் முன்னால் குடிக்கும், மறுபக்கம் பின்தங்கும். மேற்பலகையும் உப்பி, கம்பியின் உயரம் தானாகக் கூடும். ஆகவே வந்த வாரத்தில் அளந்ததை வைத்துத் தீர்ப்புச் சொல்வது சரியல்ல. கழுத்து இந்த ஊர்க் காற்றுக்குப் பழகட்டும், பிறகு அதே கோல், அதே ஃப்ரெட்டில்.

குளிர்நாட்டுக்காரர்கள் எழுதுவதைப் படித்துவிட்டு, கித்தாரின் வாய்க்குள் ஈரப் பஞ்சு தொங்கவிடும் ஆட்களை இங்கே பார்த்திருக்கிறேன். அது ஹீட்டர் போட்டு வீட்டைக் காயவைக்கும் ஊருக்கு. நமக்கு வேண்டியது நேர் எதிர். கெட்டிப் பெட்டி, உள்ளே சிலிகா ஜெல், கூடவே ஒரு மலிவான ஈரமானி. 50ஐ ஒட்டி நின்றால் போதும். இரவு குளிரூட்டி, பகலில் திறந்த ஜன்னல் என்று மாறி மாறிப் படவிடுவது எல்லாவற்றிலும் கெடுதல்.

அக்கா மகளின் கித்தார் வாசிக்கும் நேரம் தவிரப் பெட்டிக்குள் இருந்தது. திரும்ப அளந்தபோது கழுத்து அசையவில்லை. கோல் முனையில் அதே இரண்டு மில்லிமீட்டர். வளர்ந்திருந்தால் ஒரு நிமிடம் யோசித்திருக்க மாட்டேன், கடைக்குத்தான் போயிருக்கும். மலேசியாவில் 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. விற்ற பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்பது அதில் உள்ள உத்தரவாதம். வாரண்டி அட்டையில் சின்ன எழுத்தில் என்ன போட்டிருந்தாலும் அது போய்விடாது. தகராறு முற்றினால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி மனுப் போடலாம். 50,000 வெள்ளி வரை கேட்கலாம், வக்கீல் வைக்கத் தேவையில்லை. எஸ்.எம். முகமது இத்ரிஸ் 2019இல் காலமாகும் வரை தலைமை தாங்கிய பினாங்கு பயனீட்டாளர் சங்கம் இதே ஊரில்தான் இருக்கிறது. பொருள் சரியில்லை என்றால் கேட்கத் தயங்கக் கூடாது என்பதை இந்தத் தீவுக்காரர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் கேட்கப் போகும்போது "கோணலா இருக்கு" என்று மட்டும் சொன்னால் "எல்லாம் அப்படித்தான்" என்ற பதில்தான் வரும். கோல் வைத்த படம், ஃபீலர் கேஜ் அளவு, 12ஆம் ஃப்ரெட் உயரம், தேதி, இத்தனையும் போனில் இருந்தால் பேச்சே வேறு.

நாங்கள் அப்படித்தான் போனோம். படங்களைப் பார்த்ததும் கடையில் குரல் மாறியது. முறுக்கு வாரண்டிக் காலத்துக்குள் கூடினால் மாற்றித் தருவோம் என்று ரசீதின் பின்னால் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். சேடலுக்கான காசைத் தரவில்லை, அதற்காக நான் சண்டை பிடிக்கவும் இல்லை.

வாங்கலாமா என்று கேட்டால்: இந்த விலைக்கு இந்த ஒலி தப்பில்லை. ஆனால் கடையிலேயே கழுத்தை நோக்கிப் பாருங்கள், இரண்டு மூன்றை எடுத்துப் பார்த்து நேராக இருப்பதைக் கேளுங்கள். ஏற்கனவே வாங்கிவிட்டீர்கள், கோணல் தெரிகிறது என்றால், சீராகப் பரவிய, தடித்த கம்பிப் பக்கம் தூக்கிய, வளராத முறுக்கை வைத்துக்கொள்ளலாம். மற்ற எல்லாவற்றையும் திருப்பிக் கொடுங்கள். தொடக்கக்காரர்கள் கூடவே வந்த 12-53 கம்பியைக் கழற்றி 11-52 போட்டுக்கொள்வது நல்லது. மொத்த இழுப்பு சில கிலோ குறையும், கழுத்துக்கும் விரலுக்கும் நிம்மதி. அக்கா மகள் மாற்றிவிட்டாள். இப்போது அவள் திட்டுவது எஃப் பாரே கார்டை மட்டும்தான். அது எந்தக் கழுத்திலும் அப்படித்தான் இருக்கும்.